கடைசிப் படகு போன பிறகு



இந்த இதழின் அட்டைப்படம் அச்சுக்குப் போவதற்கு முந்தின இரவுதான் மாறியது. விடுமுறைச் சிறப்பிதழ் என்பதால் மத்தியதரைக் கடல் தீவு ஒன்றின் படத்தைப் போடலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். எங்கள் வடிவமைப்பாளர் தம்பி அருமையான படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கடலுக்குள் ஒற்றைக் கால் ஊன்றி நிற்கும் பிரம்மாண்டமான பாறை வளைவு, அதன் நடுவே தெரியும் நீலம், கீழே எறும்பு மாதிரி ஒரு படகு. எழுத்துகள் வைக்க மேலே தாராளமாக இடம் வேறு. "இதைவிட நல்ல படம் கிடைக்காது சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரே ஒரு சிக்கல், அந்த வளைவு இப்போது கிடையாது.

அது மால்டா நாட்டைச் சேர்ந்த கோஸோ தீவில் இருந்த 'அஸூர் விண்டோ'. 2017 மார்ச் 8ஆம் தேதி காலை, புயல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தாங்கி நின்ற தூணோடு சேர்ந்து மொத்தமாகக் கடலுக்குள் இறங்கிவிட்டது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கலாம்; முதல் பருவத்தில் குதிரைவீரர் கூட்டத்தின் தலைவனுக்குக் கல்யாணம் நடப்பது அதன் முன்னால்தான். இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதுகில் காற்றுக்குடுவை கட்டிக்கொண்டு நீருக்கடியில் போக வேண்டும். தம்பி நம்பவில்லை. "நெட்டுல இவ்வளவு படம் இருக்கே சார்?" என்று கேட்டார். இருக்கிறதுதான். விழுந்த பாறைக்குப் படங்களை அழிக்கத் தெரியாதே!

அந்த ராத்திரி இன்னொரு காரணத்துக்காகவும் எனக்குக் கோஸோ மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. கும்பகோணத்திலிருந்து நம் நெடுநாள் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் மேசையில் கிடந்தது. பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மகன் லண்டனில். வருகிற ஆண்டு அவரும் கணவரும் அங்கே போகிறார்கள். மருமகள், இரண்டு பேரக்குழந்தைகள் எல்லோருமாக ஒரு வாரம் ஏதாவது ஒரு சின்னத் தீவில் இருந்துவிட்டு வர ஆசை. மகன் சாண்டோரினி என்கிறான், மருமகள் கோஸோ என்கிறாள். கடிதத்தின் கடைசியில் நான்கு கேள்விகள்: எத்தனை நாள் போதும், எப்போது போகலாம், சைவம் கிடைக்குமா, முழங்கால் வலிக்காரர் ஏறி இறங்க முடியுமா. கூடவே ஒரு வரி: "சுற்றுலாக்காரர்கள் கோஸோவுக்கு ஒரு நாள் போதும் என்கிறார்கள், உங்கள் அபிப்பிராயம் என்ன?"

அம்மா, என் ஓட்டு உங்கள் மருமகளுக்கு. சாண்டோரினி அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே பெரிய சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கிற நாட்களில், சூரிய அஸ்தமனத்துக்கு ஓயா கிராமத்துச் சந்தில் நிற்பது, வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாள் கோவில் வரிசையில் நிற்பது மாதிரிதான். படிகளும் அதிகம். உங்கள் வீட்டுக்காரரின் முழங்காலை நான் பார்த்ததில்லை, ஆனால் அதன் பக்கம்தான் நான்.

ஒரு நாள் போதுமா என்ற கேள்விக்கு என் சொந்தக் கதையைச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

முதல் தடவை நான் கோஸோ போனது ஒரு நாள் பயணமாகத்தான். அதுவும் ஆகஸ்ட் 15. நமக்குச் சுதந்திர தினம், அவர்களுக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். 'சாந்தா மரிய்யா' என்பார்கள். மால்டாவில் பாதிப் பேர் அன்றைக்குக் கோஸோவில் இருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வண்டிகள் படகேற வரிசையில் நின்றன, நாங்கள் வண்டிக்குள் வெந்தோம். இறங்கியதும் ஒரு வேன். கோட்டைக்கு அரை மணி, கோவிலுக்கு இருபது நிமிடம், கடற்கரையில் ஐஸ்கிரீம், மறுபடி வரிசை. ஊருக்கு வந்து "கோஸோ பார்த்தாச்சு" என்று சொல்லிக்கொண்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் தடவை, சில வருடங்கள் கழித்து, செப்டம்பர் கடைசி வாரம், மனைவியோடு, ஐந்து இரவு. முதல் நாள் சாயங்காலமே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பகல் முழுக்க வந்து இறங்கிய வேன்களும் சுற்றுலாப் படகுகளும் ஐந்து ஐந்தரைக்கெல்லாம் திரும்பிப் போகின்றன. அப்புறம்தான் ஊர் வெளியே வருகிறது. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பாட்டிமார் உட்கார்கிறார்கள். தேவாலயத்து முன்னால் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்களில் வெயில் கடைசியாக ஒரு தடவை ஏறி இறங்குகிறது. நாங்கள் தங்கியிருந்த தெருவில் ஒரு முதியவர் தினமும் அதே நேரத்துக்கு ஒரு கூண்டுக் குருவியைக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டுவார், எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். மூன்றாம் நாள் நாங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தபோது, எங்கே போயிருந்தீர்கள் என்பது போல் கையை விரித்துக் கேட்டார். இதையெல்லாம் ஒரு நாள் சுற்றுலாவில் எந்தக் கம்பெனியாலும் விற்க முடியாது.

தீவின் அளவைச் சொன்னால் சிரிப்பீர்கள். 67 சதுர கிலோமீட்டர். நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7. ஏறக்குறைய 40,000 பேர் வசிக்கிறார்கள். மால்டாவின் பெரிய தீவிலிருந்து படகில் 25 நிமிடம். இவ்வளவு சின்ன இடத்துக்கு ஒரு நாள் போதாதா என்று தோன்றுவது இயல்பு. அந்தக் கணக்கில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். சின்ன இடம் என்பதால் ஓட வேண்டியதில்லை. ஓட வேண்டியதில்லை என்றால் தங்கலாம். ரம்லா கடற்கரைக்கு மேலே ஒரு குகை இருக்கிறது. ஹோமரின் காவியத்தில் வரும் கலிப்ஸோ என்ற தேவதை, ஒடிஸியஸைப் பிடித்து ஏழு வருடம் வைத்திருந்தாளே, அந்த இடம் இதுதான் என்பது உள்ளூர் நம்பிக்கை. கதைதான், வேறு தீவுகளும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. ஆனாலும் ஒருவன் ஏழு வருடம் கிடந்த இடத்துக்கு நாம் ஒரு பகல் போதும் என்று பேரம் பேசுகிறோம் பாருங்கள்.

இந்தத் தீவுக்கும் இரவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. நடுவில் விக்டோரியா என்று ஒரு நகரம்; உள்ளூர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரில் ரபாத் என்றே சொல்கிறார்கள். 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக வெள்ளைக்காரர்கள் பெயரை மாற்றினார்கள், சனங்கள் மாறவில்லை. அந்த ஊருக்கு மேலே மேட்டில் நிற்பதுதான் சிட்டாடெல்லா கோட்டை. 1551 ஜூலையில் துருக்கியக் கப்பற்படை வந்து இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. சில நாட்களில் கோட்டை விழுந்தது. தீவில் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரையும், சுமார் ஐயாயிரம் பேரை, அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு தீவே காலியானது. அதற்குப் பின் மெல்ல மெல்ல ஆட்கள் வந்து குடியேறினார்கள். ஆனால் 1637 வரை ஒரு சட்டம் இருந்தது: பொழுது சாய்ந்தால் எல்லோரும் கோட்டைக்குள் வந்துதான் படுக்க வேண்டும். பகலில் வயல், இரவில் மதில். சாயங்காலம் அந்த மதில் மேல் நின்றால் தீவின் எல்லாக் கிராமமும் தெரியும், சுற்றிலும் கடல் தெரியும். கடல் என்றால் அவர்களுக்கு அப்போது விடுமுறை இல்லை, பயம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி, விளக்கு எரியும் தெருவில் நடந்து பாருங்கள். மதிலுக்கு வெளியே படுத்துத் தூங்குவதுகூட ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உறைக்கும். கோட்டைக்குப் போகிற பாதை சரிவுதான், மெதுவாக ஏறலாம்.

சரி, எப்போது போவது? ஆகஸ்ட் வேண்டாம், அது என் அனுபவம். ஜூலை, ஆகஸ்டில் புல் பூண்டெல்லாம் காய்ந்து தீவு பழுப்பாகக் கிடக்கும், வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததல்ல. ஏப்ரல், மே மாதங்களில் பச்சையும் காட்டுப்பூக்களுமாக இருக்கும். கடல் மட்டும் ஏப்ரலில் குளிர்ந்து கிடக்கும். பேரக்குழந்தைகள் நீந்த வேண்டும் என்பதால் எனக்குப் பிடித்தது செப்டம்பரின் பின்பாதி. வெயில் காலமெல்லாம் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும், 25 டிகிரி வாக்கில். லண்டன் பள்ளிக்கூடம் செப்டம்பரில் திறந்துவிடுமே என்று உங்கள் மருமகள் சொல்வார். அப்படியானால் அக்டோபர் கடைசியில் வரும் அரைப்பருவ விடுமுறை இருக்கிறது. மழை ஒன்றிரண்டு நாள் வரலாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தீவுகளில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடமேற்கிலிருந்து வருவது மஜிஸ்திரால், வடகிழக்கிலிருந்து கிரிகால், தென்கிழக்கிலிருந்து ஷ்லோக். நம் மீனவர்களிடம் வாடை, கொண்டல், சோழகம் என்று கேட்டால் எப்படி விலாவாரியாகச் சொல்வார்களோ, அப்படி அங்கே படகுக்காரர்களும் சொல்வார்கள். ஷ்லோக் அடித்தால் சகாராவின் புழுதி வந்து கார் மேல் சிவப்பாகப் படியும், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். கிரிகால் பலமாக அடித்தால் படகே நிற்கலாம். வேதாகமம் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பவுல் போன கப்பல் காற்றில் சிக்கி உடைந்து கரை ஒதுங்கிய மெலித்தா என்ற தீவை, இதே மால்டா என்றுதான் காலங்காலமாகக் கொள்கிறார்கள். அதனால் என் சிபாரிசு: திரும்பும் விமானம் காலையில் என்றால் முந்தின இரவே பெரிய தீவுக்கு வந்துவிடுங்கள். பவுல் மூன்று மாதம் தங்க நேர்ந்தது. உங்கள் விசாவுக்கு அது ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்.

விசாவுக்கே வந்துவிட்டோம். மால்டா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது. 2008 முதல் யூரோ. மகன் குடும்பம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் சுற்றிப்பார்க்க விசா வேண்டாம். நீங்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட். பிரிட்டிஷ் விசா இருப்பதால் அங்கே நுழைந்துவிட முடியாது. லண்டன் போய் அங்கிருந்து விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடவும் வேண்டாம். ஷெங்கன் விசாவைப் பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டிலேயே கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டு ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இந்தப் பத்தி வறட்சிதான், ஆனால் இதைப் படிக்காமல் விட்டவர்கள்தான் பிறகு எனக்குப் போன் செய்கிறார்கள்.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. லண்டனிலிருந்து மூன்று மணி நேரச் சொச்சம். விமான நிலையம் பெரிய தீவில், கோஸோவில் கிடையாது. அங்கிருந்து 'எக்ஸ் 1' பேருந்து சிர்கெவ்வா துறைமுகத்துக்குப் போகும், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். தலைநகர் வாலெட்டாவிலிருந்து முக்கால் மணி நேர விரைவுப் படகும் இருக்கிறது, ஆள் மட்டும் ஏறலாம், வண்டி ஏறாது. சிர்கெவ்வாவில் எனக்குப் பிடித்த ஒரு வினோதம்: பெரிய படகில் ஏறும்போது யாரும் காசு கேட்க மாட்டார்கள். டிக்கெட் வாங்கும் இடத்தைத் தேடி என் மனைவி அங்குமிங்கும் அலைந்தாள். கோஸோவிலிருந்து திரும்பும்போதுதான் இரண்டு வழிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள், ஆளுக்கு ஐந்து யூரோவுக்கும் குறைவாக. போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும் என்ற தைரியம்.

பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மால்டியம் அரபியின் கிளையில் முளைத்து, லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி. எக்ஸ் எழுத்தைக் கண்டால் 'ஷ' என்று படியுங்கள். ஜி, எச் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சத்தமே இல்லை. கோஸோவின் சொந்தப் பெயர் 'ஆவ்தெஷ்'. எழுதிக் காட்டினால் நம்ப மாட்டீர்கள். அரபி தெரிந்த வாசகர்களுக்கு அங்கே தெருவில் நடப்பதே ஒரு விளையாட்டு. ரம்லா என்றால் மணல், பஹார் என்றால் கடல். கத்தோலிக்கர்கள் நிறைந்த தீவு. பூசையில் கடவுளை 'அல்லா' என்றே அழைக்கிறார்கள், தவக்காலத்துக்குப் பெயர் 'ரந்தான்'. நான் ஒரு கிராமத் தேவாலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் காதால் கேட்டபோது, மொழிக்கும் மதத்துக்கும் நாம் போட்டு வைத்திருக்கும் வேலிகள் எல்லாம் கொஞ்ச நேரம் ஆடிவிட்டன. ஆங்கிலமும் ஆட்சிமொழி, 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி. அதனால் பேச்சுக்குத் தட்டுப்பாடு வராது. வண்டிகளும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓடும், மகன் ஓட்டிவிடுவார்.

பேருந்தும் உண்டு. ஆனால் பெரும்பாலான தடங்கள் விக்டோரியாவுக்கு வந்துதான் பிரியும், மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கடைகள் மூடிக்கிடக்கும். அந்த நேரத்தில் எதையாவது பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஊரோடு சேர்ந்து தூங்குங்கள்.

சைவத்துக்கு வருகிறேன். தேசிய உணவு முயல்கறி. பயந்துவிடாதீர்கள், சைவம் எளிதாகவே கிடைக்கும். தெருமுனைக் கடைகளில் 'பஸ்திஸ்ஸி' என்று ஒரு பலகாரம். பல அடுக்கு மொறுமொறுப்பான மாவுக்குள் பட்டாணி மசியல் அல்லது பாலாடைக்கட்டி. பட்டாணி பஸ்திஸ்ஸியைச் சுடச்சுடக் காகிதத்தில் வாங்கிக் கடித்தால் நம் ஊர் பேக்கரி பஃப்ஸுக்குச் சித்தப்பா மகன் என்று தெரிந்துவிடும். மாவில் விலங்குக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு, கடும் சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. நதூர் கிராமத்தில் விறகு அடுப்பு பேக்கரியில் 'ஃப்தீரா' சுடுகிறார்கள். மெல்லிய மாவின் மேல் உருளைக்கிழங்குச் சீவல், தக்காளி, வெங்காயம், கேப்பர் மொக்கு. 'ஜ்பெய்னா' என்பது உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஆட்டுப்பால் கட்டி. பச்சையாக இருந்தால் நம் கோவா மாதிரி வழுக்கும், மிளகில் புரட்டிக் காயவைத்ததை மெல்ல மெல்லக் காரம் ஏறும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகஸ்ட் பாதியிலிருந்து லம்பூகி மீன் காலம். அதைப் பிடிக்கும் விதம் அழகு: கடலில் மிதவை கட்டி அதன் மேல் பனை இனத்து ஓலைகளைப் போட்டு வைப்பார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய மீன்கள் ஓலை நிழலில் கூடும், சுற்றி வலை போட வேண்டியதுதான். மீனுக்குப் பந்தல் போட்டு அழைக்கிற ஊர்.

பார்க்க வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். வடகரையில் மார்சல்ஃபோர்னிலிருந்து கடலோரமாகவே நடந்தால் ஷ்வெய்னி உப்பளம் வரும். மண்ணில் வரப்புக் கட்டிய பாத்திகள் இல்லை, மஞ்சள் சுண்ணாம்புப் பாறையிலேயே உளியால் செதுக்கிய பாத்திகள். சதுரம் சதுரமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கரையோரம் சுமார் மூன்று கிலோமீட்டருக்கு. சில நூற்றாண்டுகளாக அதே குடும்பங்கள் வழிவழியாக உப்பெடுக்கின்றன. நாங்கள் போனபோது ஒருவர் நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் உப்பைப் பாத்தியின் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். சர்ரக், சர்ரக் என்று ஈரமான சத்தம். உப்பைக் குவித்து, சாக்கில் வாரி, பாறையில் குடைந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார் என்று மனைவிக்குச் சைகை காட்டினார். பெரிய பரலாக, நறுக்கென்று உடைந்தது. ஒரு பை வாங்கினோம். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்ல உப்பு எங்கள் வீட்டுக்கு இன்றுவரை வந்ததில்லை. பாத்திகளின் மேல் மட்டும் நடக்காதீர்கள். படம் எடுக்கும் ஆர்வத்தில் பலர் மிதிக்கிறார்கள், அது ஒருவரின் களம்.

ஷாரா கிராமத்தில் ஜிகந்தியா கோவில்கள். பொது சகாப்தத்துக்கு முன் 3600 வாக்கில் தொடங்கிக் கட்டியவை, எகிப்தின் பிரமிடுகளைவிட ஆயிரம் வருடம் மூத்தவை. சில கற்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அவரையும் தேனும் மட்டுமே தின்ற ஒரு ராட்சசி, தோளில் குழந்தையோடு இந்தக் கற்களைத் தூக்கி வந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை. பேரக்குழந்தைகளுக்கு இந்த ஒரு கதையைச் சொன்னால் போதும், வழிகாட்டிப் பலகை தேவையில்லை. நடைபாதை சமதளம், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. அதே டிக்கெட்டில் பக்கத்திலேயே தா கோலா காற்றாலை, 1725இல் கட்டியது. அரைக்கத் தோதாகக் காற்று கிளம்பினால் ஆலைக்காரர் சங்கு ஊதுவாராம். சத்தம் கேட்டு ஊரார் கோதுமை மூட்டையோடு வருவார்கள்.

பக்கத்துக் குட்டித் தீவான கொமினோவின் நீலக் குளத்துக்குக் கூட்டிப்போக எல்லோரும் வற்புறுத்துவார்கள். அங்கே கூட்டம் தாங்காமல் 2025 கோடையிலிருந்து முன்பதிவு, கைப்பட்டை என்று ஏற்பாடு வந்திருக்கிறது. எனக்கு அதில் ஆர்வமில்லை. அக்டோபரில் போனால் வேறொன்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். விக்டோரியாவில் ஒரே தெருவில் இரண்டு ஆபெரா அரங்குகள், அஸ்திரா, அவுரோரா. ஒன்று புனித ஜார்ஜ் கோவில்காரர்களுடையது, மற்றது பேராலயத்துக்காரர்களுடையது. சில ஆயிரம் பேர் வாழும் ஊரில், அக்டோபர் தோறும் ஆளுக்கொரு ஆபெராவைப் போட்டி போட்டுக்கொண்டு மேடையேற்றுகிறார்கள். பெரிய பாடகர்கள் வெளியிலிருந்து வருவார்கள், உள்ளூர்க்காரர்கள் பின்பாட்டுக்கு நிற்பார்கள். காலையில் தக்காளி நிறுத்துக் கொடுத்தவரே ராத்திரி மேடையில் இத்தாலியச் சிப்பாய் வேஷத்தில் நின்றாலும் ஆச்சரியமில்லை. எந்த அரங்கு சிறந்தது என்று மட்டும் ஊரில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் ஒரு வாரத்துக்குள் அடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் தூக்கம். இரண்டு நாளைக் காலியாகவே விட்டுவிடுங்கள். காற்று எங்கே தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கடற்கரைக்குப் போகலாம். அதுதான் உள்ளூர்க்காரர்கள் செய்வது. வடகாற்று என்றால் தெற்கே ஷ்லெண்டி விரிகுடா அமைதியாக இருக்கும், தென்காற்று என்றால் வடக்கே ரம்லா. முன்கூட்டியே கிழமை குறித்து வைத்தால் அலை குறித்து வைக்காது.

அட்டைப்படமாக ஷ்வெய்னி உப்பளத்தை வைத்துவிட்டோம். தம்பி இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, "புத்தகம் கடைக்குப் போறதுக்குள்ள இது எதுவும் ஆகாதே சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

கும்பகோணத்து அம்மாவுக்கு இதையெல்லாம் முன்பே தனிக் கடிதமாக எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. ஆறு இரவு, ஷாராவில் கிணறு வைத்த ஒரு பழைய பண்ணை வீடு. மருமகள் பதிவு செய்துவிட்டாராம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: சின்ன அரிசி குக்கர் எடுத்துப் போகலாமா? வேண்டாம் அம்மா, ஃப்தீரா சாப்பிடுங்கள் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு இப்படித் திருத்தினேன்: அங்கே சுவரில் இருப்பதும் லண்டனில் உள்ள அதே சதுர மூன்று முள் பிளக்தான். மகன் வீட்டுக் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள், அடாப்டர் தேவைப்படாது.

அன்புடன்,
ஆசிரியர்